துடைத்த காசு

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரும் அவர் மனைவியும் பழங்காசு சேர்த்தார்கள். புதிதாக ஒன்று வந்தால், இருவரும் தனித்தனிச் சீட்டில் அதன் தரத்தை எழுதிக் கவிழ்த்து, ஒன்றாகத் திருப்புவார்கள். சீட்டில் சமத்துவம் இருந்தது, தீர்ப்பில் இல்லை. காசின் உறைமீது ஏறியது என்றும் கணவரின் சொல்தான்.

ஒரு வெள்ளிக்காசுக்கு அவர் "மிக நன்று" என்று எழுதினார். அவள் எழுதியது, "துடைத்தது."

"விளக்கைச் சாய்ச்சுப் பாருங்க. யாரோ துடைச்ச தடம் மயிரிழை மாதிரி கோடு கோடா தெரியுது."

"நேத்து லென்ஸ் பிடிச்சவ எனக்கே பாடம் எடுக்கறியா?"

"எனக்கும் கண்ணு ரெண்டுதாங்க," என்று சிரித்தாள்.

அவள் இறந்த எட்டாம் மாதம், தாம் தோற்கவேண்டும் என்ற ஆசையோடு அவர் அந்தக் காசைத் தரச்சோதனைக்கு அனுப்பினார். இன்று அறிக்கை வந்தது: பளபளப்புக்காகத் துடைக்கப்பட்ட காசு, தரம் அளிக்க இயலாது.

உறைமீது தம் எழுத்தை அடித்து, அவளுடைய சொல்லை எழுதினார். "நீ சொன்னதுதாம்மா சரி," என்றார் எதிர் நாற்காலியிடம். கேலி செய்ய ஆளில்லை.

அலமாரியில் இன்னும் முந்நூறு உறைகள் இருந்தன. அவற்றுக்கு அவள் என்ன எழுதினாள் என்பது அவருக்கு நினைவில்லை. அவளுடைய சீட்டுகளை அன்றன்றே கசக்கி எறிந்தவர் அவரேதான்.