மிளகாய்க் கன்றும் மீன் தலையும்

சுவிஸின் ஓல்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து பத்மினி வீடு வர மூன்று மணியாகிவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து வயதுபோனவர்களைத் தூக்கித் தூக்கி இருத்தியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. படலையைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

நேற்று நட்ட பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளும் வேரோடு கிடந்தன. மே மாதக் கடைசிக் குளிர் போகட்டுமென்று இரண்டு மாதம் யன்னலோரம் வைத்து வளர்த்தவை. நடுவில் மொச்சா, மூக்கெல்லாம் மண்ணோடு வாலாட்டியது. மகள் தக்ஷிகா ஆசைப்பட்டு வாங்கிய நாய். அவள் படிக்க ஜெனீவா போக, நாய் இவள் தலையில் விழுந்தது.

"இஞ்சாருங்கோ! கன்றுக்குக் கீழ என்னத்தைத் தாட்டனீங்கள்?"

கணவன் இரவீந்திரன் கொட்டாவியோடு எட்டிப் பார்த்தார். "மீன் தலைதான். ஊரிலையும் அப்பிடித்தானே போடுறது? நல்லாக் காய்க்கும்."

"மீன் தலையையும் தாட்டிட்டு நாயையும் அவிட்டு விட்டனீங்களோ?"

"கத்திக்கொண்டு நிண்டது, பாவம். சரி, நீர் வந்திட்டீர்தானே, ஒரு தேத்தண்ணி போடுமன்."

பத்மினி வேலை உடுப்போடு மண்ணில் முழங்காலூன்றி, வாடாத கன்றுகளாகப் பொறுக்கி மறுபடி நட்டாள். வயிறு காந்தியது. காலையில் கட்டிக்கொண்டு போன பாண் சாப்பிட நேரமில்லாமல் பையிலேயே கிடந்தது.

மொச்சா மெல்ல வந்தது. கவ்வியிருந்த மீன் தலையை அவள் முழங்காலருகே வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி அவள் முகத்தையே பார்த்தது.

காலையிலிருந்து அவளுக்கென்று சாப்பாடு கொண்டுவந்து வைத்தது அது ஒன்றுதான்.