கழிவறை வாசலில் ஒரு மேஜை

கத்தரி அண்ணன் இறந்த மறுநாள், எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்கு ஆசிரியர் அழுதிருந்தார். ஆசிரியர் என்றால் முதலாளியின் மகளைக் கட்டியவர். அதற்கு மேல் தகுதி கேட்பது மரியாதையில்லை என்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

கத்தரி அண்ணன் எங்கள் செய்திப் பிரிவின் தலைவர். எதைக் கொடுத்தாலும் வெட்டுவார். பதினாறு வருடத்துக்கு முன் நான் எழுதிய முதல் செய்தி நாற்பது வரி. அதில் மூன்று வரியைத்தான் உயிரோடு விட்டார். "மிச்சத்தை உன் டைரியில எழுதிக்க" என்றார். அன்றைக்கு அழுததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் மறுபடி அழுகை வருகிறது.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ, அதே பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும். தப்புச் செய்தவரே பாதிக்கப்பட்டவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வந்ததும் திருத்தங்களைப் பதினோராம் பக்கத்தில், 'பூனையைக் காணவில்லை' விளம்பரத்துக்குக் கீழே தள்ளினார். அதே மாதம் அண்ணனின் மேஜையும் கூடத்தின் நடுவிலிருந்து கழிவறை வாசலுக்குப் போனது. மூன்று வருடம் அங்கேதான் இருந்தார். எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது.

அந்த மாப்பிள்ளை இப்போது எழுதுகிறார்: "அவர் என் வலது கை. கடைசி மூச்சிலும் நம் பத்திரிகையின் பெயரைத்தான் உச்சரித்தார். அவர் விரும்பிக் கேட்ட இடத்திலேயே அவரை அமர்த்தி அழகு பார்த்தேன். திருத்தம் பற்றிய அவர் சட்டம், இன்று முதல் இந்தப் பத்திரிகையின் சட்டம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"கடைசியா என்ன சொன்னாரு அண்ணி?"

"ஃபேனைக் கொஞ்சம் குறைன்னாரு. பத்திரிகை பேரெல்லாம் எங்கேம்மா சொன்னாரு? இந்தப் பொய்யைப் பார்த்திருந்தா இன்னொரு தடவை செத்திருப்பாரு. நீயாவது சரி பண்ணு."

சரி பண்ணினேன். 'வலது கை'யை விட்டுவிட்டேன். அது கருத்து, செய்தியல்ல. மற்றபடி எழுதியது இதுதான்: "நேற்றைய இரங்கல் செய்தியில் இரண்டு தவறுகள். மறைந்தவரின் கடைசி வார்த்தை 'ஃபேனைக் கொஞ்சம் குறை' என்பதே. கழிவறை வாசலில் அவர் விரும்பி உட்காரவில்லை. ஆசிரியரால் உட்கார வைக்கப்பட்டார்."

பக்கம் அமைப்பவர் திடுக்கிட்டார். "முதல் பக்கத்துலயா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவர் போட்ட சட்டம்தான். இன்னைக்கு முதல் பக்கத்துலயே இருக்கு, படிக்கலையா?"

"நான் பக்கம் போடுறவன்மா. படிக்கிறதில்ல" என்று சொல்லி, போட்டுவிட்டார்.

காலையில் ஆபீஸே கைதட்டியது. வேலை போனால் போகட்டும், அண்ணனுக்காகப் போகட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அண்ணி கூப்பிட்டார்.

"ஃபேன் சரிதாம்மா. மேஜைதான் தப்பு. அது அவரே கேட்டு வாங்கின இடம்."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"'என்கிட்ட வந்து சந்தேகம் கேக்க எல்லாருக்கும் பயம். கழிவறைக்கு வராம யாரால இருக்க முடியும்? வழியிலேயே பிடிச்சுக்குவேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. முக்கியமா உன்னைப் பிடிக்கத்தான். வீம்புக்காரி, தானா வந்து கேக்க மாட்டாளாம். ஏம்மா, நேத்தே இதையும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மூன்று வருடமாகக் கைகழுவித் திரும்பும்போதெல்லாம், "அந்த மூணாவது பாராவை யார்கிட்ட கேட்டு எழுதின?" என்று என்னை ஈரக் கையோடு நிறுத்திவைப்பார். அவரைப் பற்றிய செய்தியையே நான் யாரிடமும் கேட்காமல் எழுதியிருக்கிறேன். காலியாகக் கிடந்த அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து, கழிவறைக்குப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் பக்கத்துக்கு இரண்டு வரித் திருத்தம் எழுதினேன். சட்டத்தின் மறுபாதி பாக்கி இருந்தது. மாப்பிள்ளையின் அறைக் கதவைத் தட்டினேன். மேஜை மேல் அன்றைய பத்திரிகையை விரித்துவைத்து, கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். நீங்க எழுதினது உண்மைதான்" என்றேன்.

அந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. கோபத்தை மறந்து, பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"எது?"