இரண்டாவது குழல்

நாற்பத்தோராம் எண் துப்பாக்கியின் குழல் நீளம் என்ன என்று கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் நான் பதிவேட்டைத் திறந்தேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் அண்ணன் ஒரு தலைக்கவசத்தை விலையேற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டியபோது விரல் தவறி முந்தைய பக்கத்தில் நின்றது. எண் பதினான்கு. இரட்டைக்குழல். இடது குழல் எழுபத்தாறு புள்ளி மூன்று சென்டிமீட்டர். வலது குழல் எழுபத்தாறு புள்ளி மூன்று. என் கையெழுத்துதான். எதிரே டிக் அடித்திருந்ததும் நான்தான்.

"என்னம்மா, நீளம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

எண்ணைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு மறுபடி அந்த வரியைப் பார்த்தேன். இரண்டு குழலுக்கும் ஒரே எண்.

எங்கள் ஏலக்கூடத்தில் என் வேலை இதுதான். பழைய துப்பாக்கி எது வந்தாலும் அதன் குழலுக்குள் அளவு குறித்த ஒரு மரக்குச்சியை விட வேண்டும். அது முட்டி நிற்கும் இடத்தில், குழலின் வாயோரமாகப் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து, அதே குழலின் மேல் கிடத்திப் பார்க்க வேண்டும். குச்சியின் முனை அடிவரை போனால் குழல் காலி; அந்த நீளத்தைப் பதிவேட்டில் எழுதுவேன். நாலு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ வெடிமருந்தும் ரவையும் கெட்டித்து, சுடாமல் மூலையில் சாத்திவிட்டுச் செத்துப்போயிருப்பார்கள். ஆள் போனாலும் மருந்து போகாது. ஈரம் படாத கரிமருந்துக்கு வயதே கிடையாது. காலி என்று உறுதியானதும் அந்தத் துப்பாக்கியின் விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு பச்சை நூல் கட்டுவேன். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழில். கூடத்தில் எனக்குக் குச்சி என்றே பெயர். ஆளும் அப்படித்தான் இருக்கிறேன் என்பது அண்ணனின் பழைய கிண்டல்.

கையால் செய்த இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஒரே அளவில் இருந்து நான் பார்த்ததே இல்லை. அரைப்புள்ளி, ஒரு புள்ளியாவது வித்தியாசம் இருக்கும். மயிரிழை பிசகாமல் ஒரே எண் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான். ஒரே குழலை இரண்டு முறை அளந்திருக்கிறேன்.

எப்படி என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. அதுதான் கொடுமை. போன வாரம், இடது குழலை அளந்து எழுதிய கையோடு அண்ணன் கூப்பிட்டான், மார்புக்கவசத்தைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று. போனேன். அது வாசலில் சிக்கிக்கொண்டது, ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், கால் மணி நேரம் போயிற்று. திரும்பி வந்தபோது துப்பாக்கி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. யாரோ அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். கவிழ்த்துப் போட்டால் இடது வலதாகிவிடும். குழந்தைக்குக்கூடத் தெரியும். வலது கைப்பக்கம் இருந்த குழலுக்குள் குச்சியை விட்டேன், எழுதினேன், நூலைக் கட்டினேன். ஏற்கெனவே பார்த்த அதே குழல்.

அப்படியானால் வலது குழலை யாருமே பார்க்கவில்லை.

பதினான்காம் எண்ணை எடுத்தது பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர், எங்கள் பழைய வாடிக்கை. யாரும் சீந்தாத துருப்பிடித்த துப்பாக்கியாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வைத்துப் பிரித்து மேய்ந்து, பளபளவென்று ஆக்கிச் சுவரில் மாட்டுவார். ஏலத்தில் எடுத்ததும் கிளம்பிவிட்டார். போகும்போது என் மேசையருகே நின்று சொன்னது காதில் அப்படியே இருந்தது.

"குழலோட அடிமுனைய மூடியிருக்கற திருகு ரெண்டும் இறுகிப் போயிருக்கும்மா. எண்ணெய் எல்லாம் வேலைக்காவாது. இன்னிக்கே தீ காட்டிக் கழட்டிடறேன். வீட்டம்மா முன்பக்கம் புடிச்சிக்கிட்டா அரைமணி நேர வேலை."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அப்போது எனக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. காலிக் குழலுக்குத் தீ காட்டினால் என்ன ஆகப்போகிறது?

ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "14 வலது குழல் பார்க்கவில்லை. அவர் தீ காட்டப் போகிறார்." மேடைக்குக் கீழே போய்க் கையை நீட்டினேன். அண்ணன் பேச்சை நிறுத்தாமல் வாங்கினான், படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஏலம் போடுகிறவனுக்கு அந்த முகம்தான் முதல். தலைக்கவசத்தை மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தான்.

"போன் பண்ணியா?"

"எடுக்கல. தீ போடற சத்தத்துல அவருக்கு எங்க கேக்கும்?"

"உள்ள மருந்து இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லன்னும் தெரியாதே."

"இதோ பாரு குச்சி. இன்னும் இருபத்தேழு துப்பாக்கி கெடக்கு. இப்ப நான் வாயத் திறந்தேன்னா இன்னியோட கடைய மூட வேண்டியதுதான். நீ போ. போய்ப் பாரு. இருந்தா அண்ணிக்குப் போன் போடு, அந்த நிமிஷமே நிறுத்திடறேன். இல்லன்னா இந்தச் சீட்டு எம் பையோட போகட்டும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி அச்சாகியிருக்கிறது. பச்சை நூல் கட்டிய ஒரு துப்பாக்கியில் மருந்து இருந்தால், மீதியுள்ள எல்லாத் துப்பாக்கியும் ஏலத்திலிருந்து விலக்கப்படும், அது மேடையிலிருந்தே அறிவிக்கப்படும். அந்த வரியை எழுதியது நான்தான். எழுதும்போது என்ன ஒரு மிதப்பு எனக்கு! அது என் தலையிலேயே விடியும் என்று நினைக்கவில்லை.

வாசலருகே அண்ணி உட்கார்ந்து, எண் அட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். விலாசம் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுதி நீட்டியவள், என் முகத்தைப் பார்த்ததும் தன் ஸ்கூட்டர் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. போனக் கையிலயே வச்சிருங்க."

"மெதுவாப் போ. நீ போய் எங்கயாவது விழுந்து வைக்காத."

மெதுவாகப் போகவில்லை. குச்சியை இடுப்புக்கும் கைக்கும் இடையில் செருகிக்கொண்டு, சிவப்பு விளக்கில் ஒருமுறை நிற்காமலும் போனேன். லாரிக்காரன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டினான். திட்டட்டும். என் கண்ணுக்குள் பூட்டுக்காரரின் மனைவிதான் இருந்தாள். ஒரே ஒருமுறை கூடத்துக்கு வந்திருக்கிறாள். கழுத்துவரை இரும்பு போட்ட கவசத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதைப் போட்டுக்கிட்டு எப்படிங்க முதுகு சொறிவாங்க?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவள். குழலின் முன்பக்கத்தைப் பிடிக்கப்போவது அவள். மருந்து வெடித்தால் ரவை வெளியே வருவதும் அந்தப் பக்கம்தான்.

வழியெல்லாம் பேரம் பேசிக்கொண்டே போனேன், யாரோடு என்று தெரியாமல். இன்னும் ஆரம்பித்திருக்கக் கூடாது. முதலில் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பித்திருந்தாலும் இடது குழலாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒட்டிப்பிறந்தவை, ஒன்றைச் சுட வைத்தால் மற்றது சும்மா இருக்குமா?

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. பக்கவாட்டுச் சந்தில் திரும்பியதும் சத்தம் கேட்டது. தீக்குழாய் சீறும் சத்தம், ஒரே சீராக.

கொட்டகைக்குள் பூட்டுக்காரர் முதுகைக் காட்டி நின்றார். மரக்கட்டையிலிருந்து கழற்றிய இரட்டைக்குழலின் நடுப்பகுதி பிடிப்பானில் இறுகியிருந்தது. அடிப்பக்கத்தில் நீலத்தீ. மறுமுனை ஆடாமல் இருக்க அவர் மனைவி முக்காலியில் உட்கார்ந்து, ஈரத்துணி சுற்றி, குழலின் வாயை இரண்டு கையாலும் தன் மடியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாம்மா, இப்படி உக்காரு" என்று சொன்னாள் போலிருக்கிறது. சத்தத்தில் கேட்கவில்லை.

கத்திப் பிரயோஜனமில்லை. ஓடிப்போய் அவளைத் தோளோடு சேர்த்து இழுத்தேன். முக்காலி உருண்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். "ஐயோ, என்னாச்சு இவளுக்கு!" என்று அவள் அலறியதில்தான் அவர் திரும்பினார்.

"தீய அணைங்க! வெளிய வாங்க! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

அவர் தொழில் தெரிந்தவர். காரணம் கேட்டு நிற்கவில்லை. தீயை மூடிவிட்டுச் சுவரோரமாகவே நகர்ந்து வெளியே வந்தார். மூன்று பேரும் சந்தில், செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். துப்பாக்கி கவிழ்ந்து கிடந்ததை, அதே குழலை மறுபடி அளந்ததை, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மத்த எடத்துல வாங்கினா நானே குச்சி விட்டுப் பாத்துடுவேம்மா," என்றார். "உங்க கிட்ட வாங்கறத மட்டும் பாக்கறதில்ல. நூல் இருக்கே."

அவர் மனைவி முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அந்த நூல எல்லாம் இவரு தூர எறியறதில்ல, தெரியுமா? உள்ள ஆணியில மாட்டி வச்சிருக்காரு. என்னமோ மெடல் வாங்கின மாதிரி."

எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"என்னாச்சு? உங்கண்ணன் இங்கயே பாத்துக்கிட்டு இருக்காரு. முப்பத்தொம்பது போயிடுச்சி. அடுத்தது நாப்பது, துப்பாக்கி."

"அஞ்சு நிமிஷம் அண்ணி. சூடு ஆறணும்."

ஐந்து நிமிடம் என்றது பதினைந்தாயிற்று. வாளித் தண்ணீரில் சாக்கை நனைத்து, பக்கவாட்டிலிருந்தே குழலின் அடியில் எறிந்தார் பூட்டுக்காரர். புஸ்ஸென்று ஆவி வந்தது. இரண்டாவது சாக்குக்கு ஆவி குறைந்தது. மூன்றாவதுக்கு இல்லை. "நான் விட்டுப் பாக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அது என் வேலை.

குழலின் வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றேன். பிடிப்பானில் குழல்கள் கவிழ்ந்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நிமிர்ந்துதான் இருந்தன. இடது குழலில் குச்சியை விட்டேன். வழுக்கிக்கொண்டு போய், அடி இரும்பில் டொக்கென்று முட்டியது. வாயோரமாகப் பென்சில் கோடு போட்டேன். எடுத்துக் குழலின் மேல் கிடத்தினேன். எழுபத்தாறு புள்ளி மூன்று. பதிவேட்டில் இருந்த எண்.

போன் மறுபடி அடித்தது. பூட்டுக்காரரின் மனைவி எடுத்து என் காதருகே பிடித்தாள். கூடத்தின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலாக அண்ணனின் குரல், கணீரென்று.

"நாப்பத்தொண்ணு வந்தாச்சு," என்றாள் அண்ணி. "வெல ஏறுது. சொல்லு, சீக்கிரம்."

வலது குழலில் குச்சியை விட்டேன். இதுவும் வழுக்கிக்கொண்டுதான் போனது. போய்க்கொண்டே இருந்தது. எனக்கு மூச்சு லேசாக வரத் தொடங்கியது. அப்போது நின்றது. டொக்கென்ற சத்தம் இல்லை. பஞ்சு மூட்டையில் விரலை வைத்தது போல மெத்தென்று நின்றது. கொஞ்சம் அழுத்தினேன், நகரவில்லை. இடது குழலில் நான் போட்ட பென்சில் கோடு இந்தக் குழலின் வாய்க்கு வெளியே நாலு விரற்கடை தள்ளி நின்றது.

"இது மட்டும் ஏம்மா நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றாள் பூட்டுக்காரரின் மனைவி.

அவர் கோட்டைப் பார்த்தார். அவளுடைய கையைப் பிடித்து ஒரு எட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஆணி தெரிந்தது. பத்துப் பதினைந்து பச்சை நூல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இன்று மாட்டியது, இன்னும் சுருக்கம்கூடப் போகாமல்.

"இருக்கு அண்ணி," என்றேன். "நிறுத்தச் சொல்லுங்க."

நாற்காலி நகரும் சத்தம். அவள் செருப்பு கூடத்தின் நடுவே போகும் சத்தம், நடையில் தொடங்கி ஓட்டமாக. அதையும் மீறி அண்ணன் குரல் வந்துகொண்டிருந்தது.

"ஒரு தரம்."

குழலின் மேல் கையை வைத்திருந்தேன். மூன்று ஈரச்சாக்குக்குப் பிறகும் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

"ரெண்டு தரம்."

செருப்புச் சத்தம் நின்றது. கூடத்தின் இரைச்சலும் நின்றது. போனில் யாரோ ஒருமுறை இருமினார்கள். குச்சியை விடாமல் பிடித்தபடி, அண்ணன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.