ஆர்ம்ரெஸ்ட் மூடியில் மயிரிழை ஆட்டம்

எனக்கு விரல் கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கார் கம்பெனியில் பதினொரு வருடமாக நான் பார்க்கும் வேலை, புது வண்டி விற்பனைக்குப் போவதற்கு முன்னால் அதற்குள் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுக் குறை சொல்வது. உலகத்தில் பாதிப் பேர் இதை இனாமாகச் செய்கிறார்கள். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் என் கை சும்மா இருக்காது. அலமாரிக் கதவைத் தட்டும், நாற்காலிக்கு அடியில் தடவும். தங்கை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போவதையே விட்டுவிட்டாள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பரீட்சையின்போது என் கண்ணைக் கட்டிவிடுவார்கள். பளபளப்பு கண்ணை ஏமாற்றிவிடும், விரலிடம் அதன் ஜம்பம் பலிக்காது. கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கைக்கு அகப்படும் ஒவ்வொன்றையும் அழுத்தி, இழுத்து, திருகிப் பார்த்து ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்பக்கத்தை வடிவமைத்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதை எழுதிக்கொள்ள வேண்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது. தான் பெற்ற பிள்ளையை ஒருத்தி முகத்துக்கு நேராகத் திட்டுவதைக் கேட்டு, கையெழுத்து கோணாமல் எழுதுவது லேசுப்பட்ட காரியமா? போன வண்டியை வடிவமைத்தவர் டேஷ்போர்டைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு அழுதேவிட்டார். கண் கட்டியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை, தாள் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இந்த முறை வந்தது புத்தம் புது காம்பாக்ட் எஸ்யூவி. பக்கத்தில் உட்காரப் போகிறவர் பூனை. நடந்து வருவதும் தெரியாது, பேசுவதும் கேட்காது என்பதால் ஆபீஸ் வைத்த பெயர். எட்டு மாதமாக சீட் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார். நான் தடவிப் பார்த்து, சாக்குப்பை மாதிரி இருக்கிறது என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். மறுநாள் இன்னொரு துண்டோடு வருவார். இருபத்து மூன்றாவது துண்டில் நான் வாயடைத்துப் போனேன். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் போன பிறகு வைத்துக்கொண்டேன்.

சுற்றி வளைப்பானேன், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கான்டீனில் அவர் தட்டோடு எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் நான் எத்தனை நாள் ஆறிப்போன சாப்பாடு சாப்பிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. முப்பத்தாறு வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டுகூட இனித்தது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. துணியைப் பற்றித் தவிர அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதில் ஒரு சிக்கல். வண்டி தேறிவிட்டால் அவர் வேலை இங்கே முடிந்தது. புதன்கிழமை வேறு ஊர்த் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். தேறாவிட்டால் சரிசெய்ய மூன்று மாதம் இங்கேயே இருப்பார். அதாவது, பூனை போவதும் இருப்பதும் என் விரல் நுனியில். முந்தைய நாள் ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டே எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்: எது வந்தாலும் பொய்க்குறை சொல்லக் கூடாது.

காலை பத்து மணிக்கு வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எங்கள் தலைமை அதிகாரி மேடம், இறக்கிவிட்ட ஜன்னலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சீட் தைக்கிற அக்கா என் கண்ணைக் கட்டினார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். ‘தப்’ என்று ஒரே சத்தம், அதற்குப் பிறகு ஒரு சலசலப்பும் இல்லை. கனமான கதவு, அடக்கமான குரல். தேறியது என்றேன். பக்கத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏசி குமிழைத் திருகினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக், டிக்’ என்று ஒரே அளவாகச் சொடுக்கு. டேஷ்போர்டில் மேல் பாதி மெத்தென்று, கீழ்ப் பாதி கெட்டியாக, இரண்டும் சேரும் இடத்தில் நகம் நுழையாத இடுக்கு. பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கும் சாமான் பெட்டியை எட்டித் திறந்தால் தொப்பென்று அவர் முட்டியில் விழாமல் மெல்ல இறங்கியது. கதவுப் பையின் உள்ளே, யாருமே கை விட்டுப் பார்க்காத மூலையில்கூட பிளாஸ்டிக் விளிம்பு மழுங்கியிருந்தது. ஸ்டியரிங் தையலை முழு வட்டம் தடவினேன். ஒரு தையல்கூட ஏறி இறங்கவில்லை. தேறியது, தேறியது என்று சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை அழகாக ஒருவர் வேலை செய்தால் அவரை எப்படிப் பிடிக்காமல் போகும்? இத்தனை அழகாக வேலை செய்து தொலைத்தால் அவர் எப்படி இங்கே இருப்பார்?

கடைசியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே, முழங்கையை வைத்துக்கொள்ளும் ஆர்ம்ரெஸ்ட் பெட்டி. மூடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஆடியது.

மயிரிழைதான். வேறு யாராக இருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்கு நெஞ்சு குதித்தது. தினமும் கை படுகிற இடத்தில் ஆட்டம் இருந்தால் மறுபேச்சே கிடையாது, மொத்த உள்பக்கமும் மறுபரீட்சை. மூன்று மாதம். பாடலாம் போல இருந்தது.

உடனே சந்தேகம் வந்தது. நாற்பது இடத்தில் ஒரு குறையும் இல்லாதவர் இங்கே மட்டும் கோட்டை விடுவாரா? மூடி ஆடுகிறதா, இல்லை ஆட வேண்டும் என்று நான் ஏங்குகிறேனா? இன்னொரு முறை அழுத்தினேன். ஆடியது. அல்லது என் கை நடுங்கியது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் விரலை நானே நம்பவில்லை. ஆசைப்பட்டு ஒரு நல்ல வண்டியைக் கெடுக்கப் போகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தேறியது என்றேன்.

பேனா கீறவில்லை.

தேறியது என்று மறுபடி சொன்னேன். பக்கத்தில் பூனை செருமினார். பிறகு, பேசவே கூடாதவர், இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும்படி மெல்லச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு தடவை புகழ்ந்தது போதவில்லையா? மூட்டை கட்டிக்கொண்டு ஓட அத்தனை அவசரமா? பார்த்தாயிற்று, எழுதுங்கள் என்றேன். கொஞ்சம் இடது ஓரமாக அழுத்திப் பார்க்கும்படி சொன்னார். வெளியே மேடம், விதி என்று ஒன்று இருப்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினார். நான் ‘தேறியது’ என்று மூன்றாம் முறை கத்தினேன்.

“தேறல,” என்றார் பூனை. எட்டு மாதத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். “அது ஆடுது. நேத்து சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான்தான் அடியில இருக்கற ஸ்க்ரூவ ஒண்ணேகால் சுத்து தளர்த்தி விட்டேன்.”

ஏன் என்று மேடம் கேட்டார்.

“வண்டி தேறிட்டா நான் போகணும், மேடம். இவங்க கைக்கு எதுவும் தப்பாதுன்னு நம்பித்தான் செஞ்சேன். இவங்க என்னடான்னா...”

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். என் விரலுக்கே பரீட்சை வைக்கிறாரா இந்த ஆள்? அப்புறம் அவர் சொன்னதன் அர்த்தம் மெல்ல உள்ளே இறங்கியது. இறங்க இறங்கக் காது வரைக்கும் சூடு ஏறியது. கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

“அது ஆடினது எனக்கு மொதல்லயே தெரிஞ்சது,” என்றேன். “நீங்க இங்கயே இருக்கணும்னு ஆசைப்பட்டு என் கை பொய் சொல்லுதோன்னு பயந்துட்டேன். அதான் தேறியதுன்னு சொன்னேன்.”

சீட் தைக்கிற அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. நான் கண்கட்டை இழுத்துப் போட்டேன். பூனை பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காது மடல் சிவக்க, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேடத்துக்கும் சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது. ஆனாலும் மேடம் மேடம்தான். இனிமேல் இந்த ஆளுக்கு யாரும் ஸ்க்ரூடிரைவர் இரவல் தரக் கூடாது என்று பொதுவாக அறிவித்துவிட்டு, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

ஒண்ணேகால் சுற்று. நானே முடுக்கினேன். மூடியை அழுத்தினேன், இடது ஓரத்தையும் அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. கைக்கு உண்மை தெரிந்த பிறகு வாய் வேறு எதைச் சொல்லும்? தேறியது என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று வெளியே சொன்னால் பாவம்.

“அப்ப நான் புதன்கிழமை கிளம்பணுமா?” என்றார்.

“கிளம்புங்க. ஆறு மணி நேர ரயில்தானே, சனிக்கிழமை சனிக்கிழமை யாராவது ஒருத்தர் ஏறினா ஆச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து அம்மாவப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.”

அவர் தலையை ஆட்டினார். பேனாவை நேராகப் பிடித்து, நான் சொன்னதை எழுதுவதே அன்றைய வேலை என்பதால், ஆர்ம்ரெஸ்ட் வரிக்குக் கீழே ‘செவ்வாய் சாயங்காலம், அம்மா’ என்று எழுதினார். மேடம் அந்தத் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார்.