தோட்டாவுக்குள் ஓர் அட்டை

மாயாண்டி ஊரில் எடுத்திருந்த நல்ல பெயரெல்லாம் ஒரே வெடியில் போய்விட்டது. கந்தப்பளைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திகளைக் கிண்டிப்போடும் காட்டுப்பன்றியைச் சுட வைத்திருந்த காவல்காரன் அவன். அன்று காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன்னால், இருபது எட்டு வைக்கும் தூரத்தில் பன்றி நின்றது. நேராகக் குறிபார்த்துத்தான் சுட்டான். பன்றி ஓடிவிட்டது. அதற்கும் அப்பால், நாலு முழம் விலகிப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மகள் பிரேமினி விழுந்தாள். வலது கண் போயிற்று.

அவளும் அப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

தோட்டத்துக் கிளாக்கர் பத்திநாதன், ஆபீசில் மிச்சமிருந்த தோட்டா ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈயக் குண்டுகளுக்கு நடுவே கூட்டல் குறி போல ஓர் அட்டை.

"பக்கத்துல பறக்குற பறவ தப்பக்கூடாதுன்னு, அந்தக் காலத்துல குண்டுக்கு நடுவுல வட்ட வட்டமா அட்ட வச்சாங்களாம். பொறகு இப்புடி குறுக்கு அட்ட. இப்ப பிளாஸ்டிக்குல குச்சி வைக்கிறாங்க. எல்லாம் எதுக்கு? குண்டு வெளிய வந்ததுமே அகலமா செதறத்தான்."

"கிட்டத்துல சுடுற தோட்டான்னு நீங்கதானேங்கய்யா சொன்னீங்க?"

"பெட்டியில இருந்தத வாசிச்சேன். செதறும்னு எனக்கும் தெரியாது மாயாண்டி. இப்பத்தான் போன்ல தேடிப் பார்த்தேன்."

கிட்டத்தில் சுடுவது என்றால் குண்டு தூரம் போகாது, பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு இதுதான் பத்திரம் என்று மாயாண்டி அவனாகவே முடிவு கட்டியிருந்தான். மற்ற வகைத் தோட்டாக்களை அவன் தொட்டதே இல்லை. பாவி மனுசனுக்கு இருந்த அக்கறையே எமனாக வந்து சேர்ந்தது.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினான். வட்ட அட்டை, குறுக்கு அட்டை, பிளாஸ்டிக் குச்சி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். தன் கை தப்புச் செய்யவில்லை என்று மகளுக்குப் புரிந்தால் போதும்.

கட்டிலில் இருந்த பிரேமினி, அவன் வாயைத் திறப்பதற்குள் அடிபட்ட பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"நான் அங்க நிக்கிறத பார்த்தீங்களா அப்பா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"பார்த்தேன் தாயி."

"பார்த்துட்டுத்தான் சுட்டீங்களா?"

மாயாண்டி தலையாட்டினான். அவள் மிச்சமிருந்த கண்ணையும் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அட்டையை அவன் வெளியே எடுக்கவே இல்லை.