கனைப்பு

அன்று மாலை அக்கா தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிகால்களையும் சுவரில் ஏற்றியிருந்தாள். அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி.

"சுவத்துல ஏறுற பல்லி மாதிரி இருக்கேனாடி?"

"பல்லிக்கு வாலாவது இருக்குக்கா."

சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க இருவரும் முந்தானையைக் கடித்துக்கொண்டோம்.

சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டு வந்தவள் அவள். காலில் நரம்புகள் புடைத்து, கணுக்காலைச் சுற்றித் தோல் தேநீர்க் கறைபோல் பழுப்பேறி, இறுகி, சொறிந்தால் நீர் கசிந்தது. வேலை முடிந்ததும் காலை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னார் டாக்டர்.

"எங்க வீட்ல நெஞ்சுக்கு மேல மாமாவோட மரியாதைதான் இருக்கு டாக்டர். காலுக்கு இடமில்ல" என்றாளாம்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசிலை டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். அதன் வேலையை வீட்டில் அவர் தொண்டை பார்த்தது. அவர் கனைத்தால் மருமகள்கள் எழ வேண்டும். அவர் இருக்கும்வரை நிற்க வேண்டும். அதனால் நான் காவல். செருப்புச் சத்தம் கேட்டால் "டிக்கெட், டிக்கெட்" என்று கிசுகிசுப்பேன்.

அன்று அவர் வெறுங்காலோடு வந்தார்.

கனைப்பு கேட்டு, சிரிப்பு அடங்காமலே அக்கா துள்ளி எழுந்தாள். கட்டிலின் இரும்புக் கால் கணுக்காலில் இடித்தது. நனைந்த காகிதம்போல் தோல் கிழிந்தது. புடவைக் கரையால் அதை மூடிக்கொண்டு நின்றாள். மாமா நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவோம். புடவைக் கரை மெல்லச் சிவந்தது.

புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் மூச்சில்லாமல் திரும்பினாள்.

கூடத்தில் கிடத்தியபோது அவள் கால்கள் மாமாவின் நாற்காலிக்கு நேராக நீண்டிருந்தன. யாரும் மடக்கச் சொல்லவில்லை.

"மகராசி, மாமனார் முன்னால ஒருநாள்கூட உக்காந்ததில்ல" என்று பக்கத்து வீட்டம்மாள் மெச்சினாள். நான் முந்தானையைக் கடித்தேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்தார்கள்.

எல்லோரும் போனபிறகு, அக்கா படுத்த இடத்தில் நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசலில் கனைப்பு. நான் எழவில்லை. அவர் இன்னொரு முறை கனைத்தார்.

"உள்ள வாங்க மாமா. சீட்டு காலியாத்தான் இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

இன்றும் கனைத்துவிட்டுத்தான் வருகிறார். நான் நிற்பதில்லை. கனைப்பும் நிற்பதில்லை.