பிரவீனாக்காவின் அப்பா வாட்ச்

தளவாய்க்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ரூமில் மற்றவர்கள் தூங்க, அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாவி கொடுக்கிற பழைய வாட்சுகளைப் பிரித்துச் சேர்ப்பான். எல்லாம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. யூடியூப் பார்த்துப் பழகி, இதுவரை பத்தொன்பதை ஓட வைத்துவிட்டான்.

கம்பெனி பஸ்ஸில் இது பரவிவிட்டது. குவாலிட்டி செக்ஷனில் இருக்கும் பிரவீனா, பக்கத்து வடக்குப்பட்டுக்காரி, அவனைவிடப் பத்து வயது மூத்தவள், ஒருநாள் கைக்குட்டையில் சுற்றிய வாட்சை நீட்டினாள்.

"எங்க அப்பாவோடது. அவரு போய் நாலு வருஷம் ஆவுது. ஓட வைக்க முடியுமா பாரு தம்பி."

ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தான். வெறும் அழுக்குதான்; துடைத்து எண்ணெய் விட்டால் போதும். ஆனால் உள்ளே ஆடுகிற சின்னச் சக்கரத்தை, பேலன்ஸ் வீலைத் தூக்கும்போது இடுக்கி வழுக்கியது. அதோடு சேர்ந்த, முடியைப் போல மெல்லிய ஸ்பிரிங் கோணிக்கொண்டது. மதியம் முழுக்க நிமிர்த்திப் பார்த்தான். கடைசியில் ஒடிந்தே போனது.

மறுநாள் பஸ்ஸில் அவளிடம் போய் நின்றான். "யக்கா, நீங்க தரும்போது ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. எங்கைதான் கெடுத்திட்டு."

"உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை.

அதே மாடலில் நீல டயல் வாட்ச் ஒன்று தளவாயிடம் இருந்தது. அவன் முதன்முதலாக ஓட வைத்தது அதுதான். வேறெங்காவது ஸ்பிரிங் கிடைக்குமா என்று ஷிப்ட் முடிந்து கடை கடையாக அலைந்தான். கிடைக்கவில்லை. சனிக்கிழமை நீல டயலைத் திறந்து, பேலன்ஸ் வீலை ஸ்பிரிங்கோடு கழற்றி அவள் வாட்சில் பொருத்தினான். ஓடியது. சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

திங்கட்கிழமை பிரவீனா அதைக் காதில் வைத்துக் கேட்டாள். கண் கலங்கியது.

"ஸ்பிரிங்கு எங்க கெடச்சுது?"

"எங்கிட்ட இருந்த ஒண்ணுலருந்து எடுத்தேன்."

"அப்ப அது?"

"அது சும்மா கெடக்கட்டும்க்கா."

"மொதல்லயே ஒடஞ்சிருந்துச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். ஏன் நெசத்தச் சொன்ன?"

"தெனமும் இதே பஸ்லதானக்கா வரணும்."

சிரித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, "எங்கம்மா அந்த வாட்சக் கீழயே வெக்கல. காலையில எழுந்ததும் சாவி குடுத்துக்கினே கீது," என்றாள்.

"ரொம்ப முறுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்காது. ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு. வூட்டுக்கு வந்து நீயே சொல்லு."